இரப்பர் உறுப்புகளை இல்லத்தே வார்த்தல்

நம் கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதி விடுக்குமாறு ஆசிரியர் அவர்கள் இரண்டு திங்களுக்கு முன் பணித்தார்கள். இலக்கியத்திலோ வரலாற்றிலோ ஒரு பொருளை எடுத்து விரிக்கும் ஆற்றல் எனக்கில்லை. யான் இக்கல்லூரியில் இரசாயனம் பயின்று வெளிச்சென்ற பழைய மாணாக்கன். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தை அடுத்து வாழ்பவன். கடந்த இரண்டு ஆண்டுகளாக என் ஓய்வுநேரத்தைக் கவர்ந்துகொண்டவை ஒரு பழைய மோட்டார் வண்டியும் அதன் இரப்பர் உறுப்புகளுமே. ஆதலின் யான் அறிந்ததையும், அறியாமையால் பட்டதையும் ஈண்டு எழுதத் துணிந்தேன். இரசாயன வகுப்பில் இருக்கும் இளைஞர்க்கு இதனுள் சில செய்திகள் பயன்படக்கூடும்.

வண்டி என் தந்தையாருடையது. பட்டு வாணிகத்தில் ஓரளவு கைகூடிய காலத்தில், 1969 ஆம் ஆண்டில், அவர் அதனை வாங்கினார். பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959 இல் டிரையம்பு ஹெரால்டு என்னும் பெயரால் வெளிவந்த வண்டியே இது. அதன் உருவை அமைத்தவர் மிக்கலாட்டி என்னும் இத்தாலியர். நம் நாட்டில் இதனை 1961 முதல் செய்தவர் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார். அவர்தம் தொழிற்சாலை வண்டலூரையடுத்த பெருங்களத்தூர்ப் பக்கத்தில் இருந்தது. அந்நாளில் அப்பகுதியும் காஞ்சிபுரமும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே எங்கள் வண்டி பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்றதில்லை என்று தந்தையார் நகையாடுவதுண்டு. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். முன்மூடி முழுவதும் சக்கரமறைப்புகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும். சன்னதித் தெருக்களிலும் ஒரே வீச்சில் திரும்பிவிடும். என் அன்னையார் 1970 இல் மணமகளாய் இவ்வூர்க்கு வந்தது இவ்வண்டியிலேதான்.

ஹெரால்டின் உற்பத்தி 1970 களின் தொடக்கத்திலேயே நின்றுபோயிற்று. பின்னர் வந்த கெஜல் வண்டியும், 1985 இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய வண்டியும் நெடுநாள் நிலைக்கவில்லை. தொழிற்சாலை மூடப்பட்டது. இரும்பு உறுப்புகளுக்கு ஒருவாறு வழியுண்டு: தேய்ந்ததைப் பற்றவைக்கலாம், கடைசல் பட்டறையில் புதிதாய்க் கடையலாம். பழைய வண்டியைக் கொல்வது இரும்பன்று, இரப்பர். தந்தையார் மறைந்தபின் பதினோராண்டு கொட்டகையிலே நின்ற அவ்வண்டியைத் திறந்தபோது, துரு யான் அஞ்சிய அளவில் இல்லை. ஆனால் இரப்பர் என்று பெயர்பெற்றது எதுவும் இரப்பராய் இல்லை. கதவோரத்துப் பட்டைகள் கருங்கற் பொறைபோல் உதிர்ந்தன; எஞ்சினுக்கு அருகிருந்தவை வெல்லப்பாகுபோல் கையில் ஒட்டின. ஒரே பொருள் ஓரிடத்தில் கல்லாகவும் மற்றோரிடத்தில் பாகாகவும் ஆனது ஏன்?

இதனை விளக்குவதற்கு எங்களூர்க்கு ஏற்ற உவமை ஒன்றுண்டு. இயற்கை இரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட நூலிழைகளை ஒத்தவை. பட்டு நூற் சிட்டம் ஒன்றைக் கையாற் கசக்கி எறிந்தால் எவ்வாறு சிக்கிக் கிடக்குமோ அவ்வாறு அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இழுத்தால் நீளும், விட்டால் முற்றும் மீளா, வெயிலில் இளகும். இச்சிக்கிய இழைகளை ஆங்காங்கே கந்தகத்தால் முடிச்சிட்டுவிட்டால், இழுத்தபோது நீண்டு, விட்டபோது முன்னிருந்த நிலைக்கே மீளும். இதனையே வல்கனைஸ் செய்தல் என்பர். அமெரிக்கராகிய சார்லஸ் குட்யியர் 1839 இல் இதனைக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பார் அதன் உரிமையை முந்திப் பெற்றுக்கொண்டார். முடிச்சுகள் குறைவாயின் மென்மை. மிகுந்தால் கருங்காலி மரம்போன்ற எபனைட்டு. நூறு பங்கு இரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்ந்தால் வண்டிச் சக்கரத்துக்கு ஆகும். முப்பது பங்குக்கு மேற் சேர்ந்தால் சீப்பு செய்யலாம்.

இனிக் கேட்டிற்கு வருவோம். காற்றிலுள்ள பிராணவாயுவும், அதனினும் கொடிய ஓசோனும், இழைகளை அறுக்கும். சிலவிடத்துப் புதிய முடிச்சுகளையும் இடும். அறுப்பு மிகுந்தால் பாகாகும். முடிச்சு மிகுந்தால் கல்லாகும். வளைந்தும் நீண்டும் நிற்கும் இரப்பரை ஓசோன் விரைந்து பிளக்கும்; மடிப்பிலேயே முதலில் வெடிப்பது அதனால்தான். எண்ணெயின் செயல் வேறு. எஞ்சின் எண்ணெயும் பெட்ரோலும் இழைகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்கிப் பருக்கச் செய்யும். இழை அறவில்லை, முடிச்சும் அவிழவில்லை. ஆயினும் பருத்த இரப்பருக்கு வலியில்லை. எஞ்சினுக்கு அருகில் வெப்பமும் எண்ணெயும் சேர்ந்து தாக்கின; கதவோரத்தில் வெயிலும் காற்றுமே தாக்கின. ஆகவே பழைய உறுப்பொன்றைக் கையிலெடுத்தவுடன் வினவவேண்டுவது, இதன் வடிவம் என்ன என்பதன்று. இஃது எதனோடு உறவாடி அழிந்தது என்பதே முதல் வினா. இவ்வினாவை யான் முதலிற் கேட்கவில்லை.

வடிவத்திலும் ஒரு மயக்கமுண்டு. முன்மூடியின் பின்விளிம்பைத் தாங்கும் கூம்பு வடிவான இரப்பர்கள் இரண்டு ஹெரால்டில் உள. அவற்றுள் ஒன்று தொலைந்தது, மற்றொன்று இருந்தது. இருந்ததை வெர்னியர் கொண்டு நுணுக்கமாய் அளந்து, அவ்வளவுக்கே புதியது செய்தேன். பொருத்தியபோது முன்மூடி ஆடிற்று. காரணம் எளிது. ஐம்பதாண்டு அமுக்குண்ட இரப்பர் தன் பழைய உயரத்தை இழந்துவிடும். யான் அளந்தது பிணத்தின் உயரம். அதன்பின் இரப்பரை அளப்பதை விட்டு, அஃது அமர்ந்திருந்த இரும்புத் துளையையும் எதிர்நிற்கும் தகட்டையும் இடைவெளியையும் அளக்கலானேன். இரும்பு பொய் சொல்லாது. துளையின் விட்டம், தகட்டின் கனம், மூடியபின் நிற்கவேண்டிய இடைவெளி இவை மூன்றும் தெரிந்தால், இறந்த உறுப்பு இன்றியே புதியதை வரைந்துவிடலாம். அமுக்குண்பதற்காகச் சிறிது மிகுதியும் விடலாம்.

அச்சு செய்யும் கலையை யான் நூல்களில் படித்துத் தோற்றபின், எங்களூர்ப் பொம்மைக்காரத் தெருவிற்குச் சென்று கற்றேன். கொலுப் பொம்மைகள் செய்யும் குடும்பங்கள் அத்தெருவில் வழிவழியாக வாழ்கின்றன. மண்ணிலோ மெழுகிலோ மூலவுருவத்தைச் செய்து, அதன்மேற் பிளாஸ்டர் சாந்தை ஊற்றி அச்செடுத்து, அவ்வச்சினுள் களிமண்ணையோ காகிதக் கூழையோ அழுத்திப் பொம்மை எடுப்பது அவர் முறை. அங்குள்ள முதிய அம்மையார் ஒருவர் எனக்குக் கற்பித்த இரண்டு செய்திகளை நூல்களில் யான் காணவில்லை. கண்டும் உணராதிருந்தேன் என்பதே உண்மையாகலாம். முதலாவது, அச்சை எங்கே இரண்டாகப் பிரிப்பது என்பது. "தம்பி, பொம்மை எந்தப் பக்கமாக வெளியே வர விரும்புகிறது என்று பாருங்கள், அந்தப் பக்கத்திற்கு வழிவிட்டு மற்றப் பக்கத்தில் கோடு போடுங்கள்" என்றார். உள்வாங்கிய பள்ளமுள்ள இடத்தில் அச்சைப் பிரித்தால் பொம்மை கை முறிந்தே வரும்; இரப்பர் வளையுமாதலின் சிறிது பொறுக்கும், அவ்வளவே வேறுபாடு. இரண்டாவது, பாதி அச்சின்மேல் மறுபாதியை வார்க்கும்முன் சவர்க்காரக் கரைசலைப் பூசவேண்டும் என்பது. பூசாது வார்த்தால் இரண்டும் ஒன்றாகிக் கல்லாய்விடும். யான் ஒருமுறை மறந்தேன், சுத்தியல்தான் பிரித்தது.

அச்சினுள் ஊற்றுவதற்கு இக்காலத்தில் கிடைக்கும் பொருள்களுள் வீட்டுக்கேற்றது பாலியூரிதேன் என்பது. ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்பாரும் அவர் குழுவினரும் 1937 இல் கண்ட பொருள் இது. இரண்டு நீர்மங்களாக விற்பர். குறித்த விகிதத்தில் நிறுத்துக் கலந்தால், வெப்பமூட்டாமலே இறுகி இரப்பர்போலாகும். ஒரு நாளில் அச்சினின்று எடுக்கலாம்; முழுவலிமை பெற ஏறக்குறைய ஒரு கிழமை வேண்டும். தேவைக்கேற்ற கடினத்திலும் வாங்கலாம். இரப்பரின் கடினத்தை ஷோர் என்னும் அளவால் குறிப்பர். மோட்டார்ச் சக்கரத்தின் தரைபடும் பகுதி அவ்வளவில் அறுபது முதல் எழுபது வரை இருக்கும் என்பதை நினைவில் வைத்து, விரல் நகத்தால் அழுத்தி ஒப்புநோக்கினால், கருவி இன்றியும் ஓரளவு மதிப்பிடலாம். கூம்பு இரப்பர்க்கு அறுபது போதும். மிகக் கடினமானது தகட்டை இடித்து வண்ணத்தைப் பெயர்க்கும்.

பொம்மைத் தெருவில் நவராத்திரிக்கு முன் யாருக்கும் பேச நேரமிராது. ஆகவே யான் பயின்றது ஐப்பசியில், அடைமழைக் காலத்தில். பிளாஸ்டர் அச்சு பார்வைக்கு உலர்ந்தே இருந்தது. பாலியூரிதேனை ஊற்றி மறுநாள் திறந்தேன். கூம்பிற்கு மாறாக, ஆப்பம் ஒன்று இருந்தது, உள்ளெங்கும் துளைகள். இரசாயன மாணாக்கர் இதனை முன்னரே ஊகித்திருப்பர். பாலியூரிதேனின் ஒரு பாகத்தில் உள்ள ஐசோசயனேட்டு நீரோடு சேர்ந்தால் கரியமிலவாயு எழும். அவ்வாயுவே இரப்பரை நுரையாக்கிற்று. மெத்தைகளுக்குரிய நுரையை ஆக்குபவர் வேண்டுமென்று செய்வதை யான் வேண்டாது செய்தேன். பிளாஸ்டர் ஈரத்தை விழுங்கிவைத்திருக்கும் இயல்பினது. அதனைப் பன்னாள் வெயிலிலும் பின் இளஞ்சூட்டிலும் உலர்த்தி, அவலரக்கு வார்னிஷ் இரண்டு மூன்று முறை பூசி நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் மெழுகு தடவியபின்னரே நுரையற்ற உறுப்பு கிடைத்தது. ஊற்றும்போதும் உயரத்திலிருந்து நூலிழைபோல் மெல்லிய தாரையாக, அச்சின் ஒரே மூலையில் விடவேண்டும். வழியிலேயே காற்றுக் குமிழிகள் உடைந்துவிடும். ஐசோசயனேட்டின் ஆவி மூச்சுக்குழலுக்குக் கேடு செய்வது. சிலர்க்கு அஃது ஆஸ்துமாவை உண்டாக்கும். கையுறை அணிந்து, திறந்த முற்றத்தில் செய்க. அடுக்களையில் செய்யற்க.

பிளாஸ்டருக்கு மாறாகச் சிலிக்கோன் இரப்பரால் அச்செடுப்பது எளிது; அதுவே வளைந்து கொடுக்கும். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. சிலிக்கோனில் இருவகை உள: ஒன்றை இறுகச் செய்வது வெள்ளீயச் சேர்மம், மற்றொன்றை இறுகச் செய்வது பிளாட்டினச் சேர்மம். பிளாட்டின வகை விலையுயர்ந்தது, சுருங்காதது, ஆகவே யான் அதனையே வாங்கினேன். பழைய மிதிகட்டை இரப்பரை மூலவுருவாக வைத்து ஊற்றினேன். மூன்று நாளாகியும் இரப்பரைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுப்பாகவே இருந்தது. மற்றப் பக்கம் நன்கு இறுகிற்று. விற்றவரைக் கடிந்துகொள்ள எண்ணிய பிறகே, கந்தகம் பிளாட்டின ஊக்கியை முடக்கும் என்னும் பாடம் நினைவிற்கு வந்தது. குட்யியர் இட்ட முடிச்சு ஐம்பதாண்டு கழித்து என் அச்சைக் கெடுத்தது! பழைய இரப்பரை மூலவுருவாகக் கொள்ளுவோர் வெள்ளீய வகையையே கொள்க. அன்றேல் மூலவுருவத்தை மரத்திலோ மெழுகிலோ புதிதாகச் செய்க. கந்தகம் கலந்த உருவக் களிமண்ணும் இவ்வாறே கெடுக்கும்.

மிதிகட்டை இரப்பருக்குப் பாலியூரிதேனினும் உண்மையான இரப்பரே நன்று, ஈரக்காலிற் வழுக்காது. அதற்கு வெப்பமும் அழுத்தமும் வேண்டும். இவை இரண்டும் நம்மூர்களில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன என்பதை யான் மிகக் காலந்தாழ்த்தே உணர்ந்தேன். பஞ்சர் ஒட்டும் வல்கனைசிங் கடையில் உள்ள திருகும் சூட்டுத் தட்டும் ஒரு சிறு இரப்பர்த் தொழிற்சாலையே அன்றோ? சக்கரங்களுக்குப் புதுத்தோல் ஒட்டுவோர் பயன்படுத்தும் பச்சை இரப்பர்த் தாள் கடைகளிற் கிடைக்கிறது. அதில் கந்தகம், துத்தநாக ஆக்ஸைடு, கரிப்பொடி, விரைவூக்கி எல்லாம் ஆலையிலேயே கலந்திருக்கும். இவற்றை வீட்டில் கலப்பதற்குக் கனத்த உருளைகள் வேண்டுமாதலின் அதில் இறங்குதல் வீண். லேத் பட்டறை ஒன்றில் அலுமினியத் தகடுகள் இரண்டில் மிதிகட்டையின் வடிவையும் வரிகளையும் குடையச் செய்தேன். பச்சைத் தாளைத் துண்டுகளாக்கி, நிரம்பச் சற்று மிகுதியாக வைத்து, திருகில் இறுக்கி, ஏறக்குறைய 150 பாகைச் சூட்டில் வைத்தோம். கடைக்காரர் முதலில் நகைத்தார்; பின் தாமே கடிகாரம் பார்க்கலானார். இருபது நிமிடத்திற்குப் பின் திறந்தபோது, ஓரத்தில் வழிந்த மெல்லிய இதழோடு கறுத்துப் பளபளத்த மிதிகட்டை வந்தது. இரும்பினும் அலுமினியத்தினும் இரப்பர் வெப்பத்தால் மிகுதியும் விரிவது. ஆகவே குளிர்ந்தபின் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும். அச்சை அவ்வளவு பெரிதாகக் குடையவேண்டும். இதனை முன்னரே படித்திருந்தமையால் இம்முறை யான் தப்பினேன்.

மூன்றாவது முறை ஒன்றையும் கூறிவிடுகிறேன். பல்லிணை மாற்றும் கோலைச் சுற்றிய உறைபோன்ற மெல்லிய உறுப்புகளை ஊற்றியோ அழுத்தியோ செய்வது கடினம். மரத்தில் கடைந்த உருவத்தை இரப்பர்ப் பாலில் தோய்த்துத் தோய்த்து உலர்த்துவதே வழி. பலூன் செய்வதும் இவ்வாறே. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற மாம்மன் மாப்பிள்ளை என்பார் 1946 இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கி, 1952 இல் சக்கரத்தோல் இரப்பருக்கு மாறி, பின் பெரிய டயர்த் தொழிலை நிறுவியதை நம்மிற் பலர் அறிவர். யான் செய்த உறை அழகாகவே வந்தது. ஆறு திங்களில் அடிப்பக்கம் பருத்துத் தொங்கிற்று. கீழிருந்து எழும் எண்ணெய்ப் பிசுக்கு அதனை அடைந்திருந்தது. இயற்கை இரப்பர் எண்ணெயைத் தாங்காது என்பதை யான் எழுதிவைத்திருந்தும், தோய்க்கும் மகிழ்ச்சியில் மறந்தேன்.

இவ்விடத்தில் மாணாக்கர் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று கூறுவேன். ஒரே அளவான இரப்பர் வளையங்கள் நான்கு எடுத்து, ஒன்றைப் பெட்ரோலிலும், ஒன்றை எஞ்சின் எண்ணெயிலும், ஒன்றை ஆமணக்கெண்ணெயிலும் இட்டு, நான்காவதை வறிதே வைக்க. பெட்ரோலில் இட்டது சில மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியப் பருக்கும். எஞ்சின் எண்ணெயில் இட்டது சில நாளில் பருக்கும். ஆமணக்கெண்ணெயில் இட்டது பெரும்பாலும் மாறாதிருக்கும். எண்ணெய் என்னும் ஒரு பெயருக்குள் இத்துணை வேறுபாடு! நீர்மத் தடை தோன்றிய காலத்தில் பிரேக் எண்ணெயை ஆமணக்கெண்ணெயும் சாராயமும் சேர்த்துச் செய்ததும் இக்காரணம் பற்றியே. இப்போதுள்ள பிரேக் எண்ணெய் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அதற்கேற்ற இரப்பரும் வேறு. எஞ்சின் எண்ணெய்க்கு நைட்ரில் இரப்பர் ஏற்றது. அதே நைட்ரிலைப் பிரேக்கில் இட்டால் கெடும். பெட்ரோல் குழாய்களைப் பற்றி ஒரு சொல்: 2023 முதல் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் பரவியுள்ளது. பழைய வண்டியின் குழாய்களும் எரிபொருட் பம்பின் சவ்வும் அதற்கென அமைந்தவையல்ல. அவற்றை வீட்டில் செய்ய முயலாது, அக்கலவைக்கு ஏற்றதென்று குறித்து விற்பதையே வாங்கி இடுக.

இனி யான் சொல்லத் தயங்குவதைச் சொல்லவேண்டும். சென்ற வைகாசியில் வரதராசப் பெருமாள் கருடசேவைக்குத் தம் பழைய வண்டியிலேயே செல்லவேண்டுமென்று அன்னையார் விரும்பினார்கள். அவர்கட்கு எண்பது வயதை நெருங்குகிறது. இரண்டு ஆண்டாக யான் செய்துவந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். வண்டியில் எல்லாம் ஒருவாறு முடிந்தன. பிரேக்கின் இரப்பர்க் கிண்ணங்கள் மட்டும் எஞ்சின. தெரிந்த கடைகளில் வினவினேன். ஹெரால்டுக்கு இல்லை என்றனர். திருநாளுக்குப் பத்து நாளே இருந்தது. கிண்ணமோ சிறியது, வட்டமானது. கூம்பினும் எளிய வடிவம். ஓரிரவில் அச்செடுத்து, மறுநாள் பாலியூரிதேனில் நான்கு வார்த்தேன். இதுவரை யான் செய்தவற்றுள் அவையே மிக அழகியவை. ஒரு குமிழி இல்லை, விளிம்பு கத்திபோல் இருந்தது. உருளையில் வைத்துத் தள்ளிப்பார்த்தேன். பட்டுப்போல் வழுக்கிச் சென்றது.

இதனைக் காட்டுவதற்கு, தந்தையார் காலத்தில் இவ்வண்டியைப் பழுதுபார்த்த முதிய மேஸ்திரியிடம் சென்றேன். அவர் கிண்ணத்தை விரலிடையில் உருட்டி, முகர்ந்து பார்த்து, "நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள், தம்பி. இதில் அம்மாவை அல்லவா உட்கார வைக்கப்போகிறீர்கள்? பிரேக் எண்ணெயில் ஒரு வாரம் போட்டுவைத்துப் பாருங்கள், பிறகு நானே மாட்டித் தருகிறேன்" என்றார். திருநாளுக்கு முன்னாள்தான் அவ்வாரம் முடியும். மனமில்லாமலே ஒரு கிண்ணத்தைச் சிறு குப்பியில் இட்டு மூடி, சுவடிப் பெட்டியின்மேல் வைத்தேன். மூன்றாம் நாள் அதன் நிறம் மங்கிற்று. ஏழாம் நாள் இடுக்கியால் எடுத்தேன். விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தது. கத்திபோன்ற விளிம்பை நகத்தால் தொட்டபோது, ஊறிய அப்பளம்போல் அது தனியே வந்தது.

ஹெரால்டின் பிரேக் அமைப்பு ஒற்றை வழி உடையது. இக்காலத்து வண்டிகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்று நிற்கும். எங்கள் வண்டியிலோ நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய். ஒரு கிண்ணத்தின் விளிம்பு போனால் நான்கும் போயின. கருடசேவையன்று காஞ்சியின் தெருக்களில் நிற்கும் கூட்டத்தை அறிந்தோர்க்கு யான் வேறு விரிக்கவேண்டுவதில்லை. மேலும் அது கெடுவது பொருத்திய அன்றன்று. பொருத்திய அன்று அது மிக நன்றாகவே வேலைசெய்திருக்கும். வீட்டில் யான் சோதித்ததெல்லாம் வடிவத்தையும் வழுக்கலையுமே. அதனோடு உறவாடப்போகும் நீர்மத்தை மறந்தேன். அந்நீர்மத்தைப் பற்றி மேலே எழுதிய சோதனையை யான் முன்னரே இரண்டுமுறை செய்திருந்தேன் என்பதையும் மறையாது கூறுகிறேன்.

அன்னையாரிடம் உள்ளவாறு சொன்னேன். அவர்கள் சிறிதுநேரம் பேசவில்லை. பின் அண்டை வீட்டாரோடு ஆட்டோவில் சென்று சேவித்து வந்தார்கள். அடுத்த கிழமை யான் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் உள்ள உறுப்புக் கடைகளில், வண்டியின் பெயரைச் சொல்லாது உருளையின் உள்விட்டத்தை மட்டும் எழுதிக்கொண்டுபோய் வினவினேன். இத்தகைய கிண்ணங்கள் உள்விட்ட அளவு கொண்டே செய்யப்படுகின்றன. வேறு வண்டிகளும் அதே அளவைக் கொள்ளும். மூன்றாம் கடையிலேயே கிடைத்தன. பெயரால் தேடியபோது இல்லாதது அளவால் தேடியபோது இருந்தது. மேஸ்திரி மாட்டினார்; வெற்றுத் தெருவில் பத்துமுறை ஓட்டி நிறுத்திப் பார்த்தார்; ஒரு திங்கள் கழித்துத் திறந்தும் பார்த்தார்.

அதன்பின் யான் எனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். கெட்டால் கண்ணுக்குத் தெரிவன, கெட்டால் மழைநீரோ ஓசையோ மட்டும் உள்ளே வருவன ஆகிய கூம்பு, மிதிகட்டை உறை, கதவு முட்டு, தகட்டுத் துளையில் கம்பியைக் காக்கும் வளையம், உடலுக்கும் அடிச்சட்டத்திற்கும் இடையிட்ட மெத்தை ஆகியவற்றை இல்லத்தே செய்கிறேன். பிரேக், எரிபொருள், திசைதிருப்பும் அமைப்பு ஆகிய மூன்றனுள் எதனையும் தொடுவதில்லை. ஹெரால்டில் திசைதிருப்பும் பற்சட்டம் இரப்பர் மெத்தையின்மேல் அமர்ந்திருக்கிறது, வடிவில் மிக எளிய அவ்வுறுப்பை வார்க்க இன்றும் கை அரிக்கிறது, வார்க்கவில்லை. இரும்போடு இரப்பர் ஒட்டிநிற்கவேண்டிய எஞ்சின் தாங்கிகளையும் விட்டேன். அவ்வொட்டுக்கு உரிய பசையும் துப்புரவும் அழுத்தமும் முற்றத்தில் அமைவதில்லை. முன்கண்ணாடியைச் சுற்றிய பட்டை வார்ப்பதன்று. துளைவழியே நீளமாகப் பிதுக்கி எடுப்பது. அதனை முழ அளவில் விலைக்கு வாங்கி, மூலையில் வெட்டி ஒட்டினேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறன்று அன்னையாரை அவ்வண்டியில் ஏற்றிக்கொண்டு, பெரிய காஞ்சியினின்று சின்னக் காஞ்சி வரை சென்று திரும்பினோம். வழியில் மழை பிடித்தது. முன்கண்ணாடியின் இடமூலையில், யான் ஒட்டிய இடத்திலேயே, நீர் ஒவ்வொரு சொட்டாக உள்ளே விழுந்தது. அன்னையார் முந்தானைக்குப் பதிலாக ஒரு துண்டை மடித்து அங்கே வைத்துவிட்டு, "உன் அப்பா காலத்திலும் இந்த மூலை ஒழுகும்" என்றார்கள். அம்மூலையை இவ்வாண்டு மழைக்காலத்திற்கு முன் மீண்டும் ஒட்டவேண்டும்.